இடப்பக்கம் கரண்டு, வலப்பக்கம் பெட்ரோல்

ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் தெருவில் நாலு பேரிடம் கேட்க வேண்டாம், ஜாதகமும் வேண்டாம். அவர்களை மொத்தமாக ஒரு கார் ஷோரூமுக்குள் விட்டு, எந்த வண்டி வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அந்த வார்த்தையைக் கேட்கிறவள் நான். பெயர் மெர்சி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மெயின் ரோட்டில் இருக்கிற ஒரு ஷோரூமில் விற்பனைப் பிரிவில் வேலை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் இடப்பக்கம் எலெக்ட்ரிக் வண்டி, வலப்பக்கம் பெட்ரோல் வண்டி. முதலாவது அடக்கமானது, ஐந்து பேர் உட்காரலாம். இரண்டாவது, குலதெய்வம் கோயிலுக்குக் கிடாயோடு சேர்த்துக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்குப் பெரியது. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் உட்காரக் கூடாது என்பது மேனேஜர் பால்பாண்டி சாரின் உத்தரவு.

புடவைக் கடையிலோ நகைக் கடையிலோ செல்போன் கடையிலோ நாள் முழுக்க நின்று சிரித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கால் வலிக்கு என்ன தைலம் என்பது உங்களுக்கே தெரியும். மற்ற வலிக்குத்தான் இதை எழுதுகிறேன்.

காஷ்மீர் வரைக்கும் போகுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர் ஒருவர் வந்தார். கடை ஒரு தெரு, வீடு அதற்கு அடுத்த தெரு. மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய்ச் சரக்கு எடுப்பார், சீசனுக்குக் குற்றாலம். அவருடைய உலக வரைபடம் அவ்வளவுதான் என்று அவரே பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். எனக்கு மனசுக்குள் சந்தோஷம். இவருக்கென்றே செய்த மாதிரி இருந்தது எலெக்ட்ரிக் வண்டி. ராத்திரி வீட்டில் போனை மாட்டுகிற மாதிரி மாட்டிவிட்டால் காலையில் ரெடி, மதுரைக்குப் போய்விட்டு வந்தாலும் மிச்சம் இருக்கும் என்றேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "காஷ்மீர் வரைக்கும் போகுமா?" என்றார். போகலாம் சார், வழியில் அங்கங்கே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று போனை எடுத்து மேப்பில் காட்டினேன். ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்த எடத்துல இருக்கது பழுதா இருந்தா?" பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது சார். "அங்க கூட்டமா இருந்தா?" செத்த நேரம் காத்திருக்கலாம் சார். "காத்திருக்கையில பனி பெஞ்சா?" நான் மேப்பை மூடினேன்.

பெட்ரோல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அது இப்போது அவர் கடை வாசலில், தலை முதல் கால் வரை உறை போட்டு நிற்கிறது; குற்றாலத்துக்குக்கூட மச்சினன் வண்டியில்தான் போகிறாராம். மாத்திரை வாங்கப் போனபோது, எப்போது சார் காஷ்மீர் என்று கேட்டேன். மாத்திரையைக் கவரில் போட்டபடியே சொன்னார்: "எங்கயும் போகப் போறதில்லம்மா. ஆனா நெனச்சா போயிரலாம்னு ஒரு தைரியம் வேணும்ல?"

விவரம் தெரிந்த ஆள்

ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் பார்க்கிற அண்ணன் தம்பி இருவர். ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு சந்தேகம். அண்ணனுக்கு எலெக்ட்ரிக், தம்பிக்குப் பெட்ரோல். நான் இரண்டையும் ஒப்பிட்டு, எது எதற்கு நல்லது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இருவரும் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பியிடம் தெலுங்கில், "ஈ பில்லகி ஏமி தெலுசு?" என்றார். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்கிறார். நான் வளர்ந்த தெருவில் பாதி வீடு தெலுங்கு. எனக்கு அந்த வாக்கியம் தெரியும். அதற்குப் பதிலும் தெரியும். சம்பளமும் வேண்டும் என்பதால் சிரித்தேன்.

பிறகு தமிழுக்கு வந்தார்: "வெவரம் தெரிஞ்ச ஆம்பள ஆளு யாராச்சும் இருக்காகளா?" மேனேஜர் விருதுநகர் போயிருந்தார். ஹாலில் இருந்த ஒரே ஆண், ஏணி போட்டு ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தவர்தான். அவருடைய நீலச் சட்டை ஏறக்குறைய எங்கள் யூனிஃபார்ம் மாதிரியே இருக்கும். அண்ணன் நேராக ஏணியடிக்குப் போய், பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டார். மேலே இருந்து பதில் வந்தது: "நல்லாப் பாத்துக்கிட்டா தாங்கும் சார்." தம்பி, மழையில் நின்றால் என்ன ஆகும் என்றார். "நனையும் சார். ஆனா ஒண்ணும் ஆகாது." சர்வீஸ்? "டயத்துக்குப் பண்ணிரணும் சார். அதுதான் முக்கியம்."

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். எலெக்ட்ரிக்கை அப்போதே புக் செய்தார்கள். நான்தான் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அதற்கு விவரம் தேவையில்லை போலிருக்கிறது. அவர்கள் போன பிறகு ஏணியிலிருந்து இறங்கி வந்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அக்கா, நான் அவியளுக்குச் சொன்னது அம்புட்டும் ஏசிக்குத்தான். காருக்கும் பொருந்தும்ல?"

மோட்டார் ரூம்

தேவதானத்திலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, வாயில் வெற்றிலை, கண்ணில் ஒரு கணக்கு. பெட்ரோல் வண்டிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. எலெக்ட்ரிக் வண்டியில் சார்ஜ் மாட்டுகிற இடத்தைத் திறக்கச் சொன்னார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவான குரலில், "இந்த வயர் எம்புட்டு நீளம்மா? தோப்பு மோட்டார் ரூம்ல இருந்து வண்டிப்பாதைக்கு எட்டுமா?" என்றார்.

விஷயம் புரிந்துவிட்டது. விவசாய மோட்டாருக்கு அரசாங்கம் இலவசமாகக் கரண்டு கொடுக்கிறது. அந்தக் கரண்டைத் தண்ணீருக்குப் பதில் காருக்கு ஏற்றிவிட்டால், ஆயுசுக்கும் ஓசிப் பயணம். ஐயா, அது விவசாயத்துக்கு மட்டும்தான், காருக்குப் போட்டால் இணைப்பையே துண்டித்துவிடுவார்கள், அபராதமும் வரும் என்றேன். அதையெல்லாம் அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். "வண்டியில தேங்கா ஏத்திட்டுப் போனா?" அப்போதும் அது கார்தான் ஐயா. "உரமூட்டை?" அப்போதும் கார்தான். "டிக்கியில ஒரு மம்பட்டி கெடந்தா?"

பால்பாண்டி சார் தன் அறைக்குள்ளிருந்து என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். மாதக் கடைசி. ஆமாம் என்று சொல்லிவிட்டால் ஒரு வண்டி போகும். நான் சொல்லவில்லை. தோப்புக்காரருக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்று, ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: "மோட்டார் ரூம்ல உக்காந்து நான் சோறு திங்கலாம், என் வண்டி திங்கக் கூடாதாக்கும்?"

திறப்பு விழா

ஷோரூம் வாசலில் சார்ஜிங் பாயிண்ட் திறப்பு விழா. வாழைமரம், நாதஸ்வரம், சுற்றியிருக்கிற ஊர்களிலெல்லாம் போஸ்டர். ரிப்பன் வெட்ட ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட்டிருந்தோம். சுற்றுச்சூழல் பற்றி நீண்ட நேரம் பேசினார். புகை இல்லாத ராஜபாளையம், மாசு இல்லாத மேற்குத் தொடர்ச்சி மலை என்று அவர் சொல்லி முடித்து, வண்டியில் சார்ஜரை மாட்டிய நேரத்தில் மைக் உயிரை விட்டது. அன்றைக்கு எங்கள் ஏரியாவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேப்பரில் முந்தின நாளே போட்டிருந்தார்களாம். போஸ்டர் ஒட்டுகிற அவசரத்தில் யாரும் பேப்பர் படிக்கவில்லை.

பால்பாண்டி சார் அசரவில்லை. பின்பக்கம் போய்ச் சத்தம் போட்டார். கிழக்குச் சுவரை ஒட்டி இருந்த பழைய ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுந்தது. கறுப்புப் புகை பந்தலுக்குள் புகுந்து, பெரிய மனிதரின் வெள்ளைச் சட்டையைத் தடவிவிட்டு, வாழைமரத்துக்கு மேலே போனது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த ஒருவர், வண்டியையும் ஜெனரேட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, அப்ப இதுவும் டீசல் வண்டிதானா?"

முதலாளி வருவது தெரியவில்லை

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி கம்பெனி நடத்துகிற முதலாளி ஒருவர். டெஸ்ட் டிரைவ் போய்விட்டு வந்தபோது அவர் முகம் கல்யாணப் பெண் மாதிரி மலர்ந்திருந்தது. காரணம் மைலேஜும் இல்லை, வேகமும் இல்லை. "சத்தமே இல்லம்மா!" என்றார் மூன்று தடவை. அவருடைய பழைய வண்டி கம்பெனி கேட்டுக்கு வெளியே வரும்போதே உள்ளே தெரிந்துவிடுமாம். பேக்கிங் பிரிவில் பெண்கள் அதுவரை கதை பேசிக்கொண்டிருந்துவிட்டு, இவர் உள்ளே நுழையும்போது தலை நிமிராமல் பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருப்பார்களாம். "இனிமே பாரு, கையும் களவுமாப் பிடிக்கிறேன்" என்று சொல்லி, அதற்காகவே எலெக்ட்ரிக் எடுத்தார். ஒரு குடும்ப வண்டியைப் போலீஸ் வேலைக்கு எடுத்த முதல் ஆள் அவர்தான்.

முதல் சர்வீஸுக்கு வந்தபோது ஆள் வாடியிருந்தார். வண்டியில் ஏதாவது குறையா என்று கேட்டேன். குறையே இல்லையாம். வண்டி அவர் ஆசைப்பட்ட மாதிரியே, பூனை போல உள்ளே போய், பேக்கிங் பிரிவு ஜன்னல் ஓரமாக நின்றிருக்கிறது. உள்ளே பெண்கள் கதை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கதை இவரைப் பற்றி. போனஸில் இவர் செய்த தந்திரத்தைப் பற்றி, டீக்குப் பால் அளந்து ஊற்றச் சொன்னதைப் பற்றி, இவர் நடக்கிற நடையை ஒரு பெண் நடித்துக் காட்ட மற்றவர்கள் சிரித்ததைப் பற்றி. எல்லாவற்றையும் கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். உள்ளே போய்ச் சத்தம் போடவும் முடியவில்லை. அவர்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லையே.

எலெக்ட்ரிக் வண்டி மெதுவாகப் போகும்போது, நடந்து போகிறவர்களுக்காக லேசாக ஒரு ரீங்காரம் போடும். அதைக் கூட்டி வைக்க முடியுமா என்று கேட்பதற்காகத்தான் வந்திருந்தார். முடியாது சார், அது கம்பெனி வைத்த அளவு என்றேன். கைக்குட்டையால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "நான் வாரது அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிரணும்மா. அவங்க பேசுறது எனக்குக் கேக்கக் கூடாது."

ஐந்து சீட்டின் அருமை

ஸ்ரீவில்லிபுத்தூர் தம்பதி. கணவருக்கு ஏழு சீட்டுப் பெட்ரோல் வண்டி மேல் உயிர். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்; காலை நீட்டிப் பார்த்தார்; அவ்வளவு பெரிய மனுஷன் கடைசி வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "தாராளமா இருக்கு" என்றார். மனைவி அந்தப் பக்கமே வரவில்லை. எலெக்ட்ரிக் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் பேட்டரி, வாரண்டி என்று ஆரம்பித்தேன். அதெல்லாம் வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு, "இதுல ஆறாவது ஆள் உக்காரவே முடியாதுல்ல?" என்று கேட்டார். முடியாது மேடம் என்றேன். "நெருக்கி உக்காந்தாக்கூட?" பெல்ட் ஐந்துதான் மேடம். "கொழந்தைய மடியில வச்சிக்கிட்டு?" பாதுகாப்பு இல்லை மேடம். ஒவ்வொரு 'முடியாது'க்கும் அவர் முகம் பிரகாசமாகிக்கொண்டே போனது. இத்தனை குறை சொல்லி ஒரு பொருளை இவ்வளவு நன்றாக நான் விற்றதே இல்லை.

கணவரிடம் அவர் சொன்ன காரணங்கள் வேறு. பெட்ரோல் விலை, புகை, பிள்ளைகளின் எதிர்காலம், பூமி சூடாவது. கணவர் கண் கலங்காத குறை. மனைவிக்கு இவ்வளவு பொது அறிவு இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட அவர் உள்ளே போனதும் அந்தம்மா என் பக்கம் சாய்ந்து, உண்மையான காரணத்தைச் சொன்னார்: "எங்க வீட்ல நாலு பேரு, அத்தையோட அஞ்சு. நாத்தனார் குடும்பத்துக்கு எடம் இல்லன்னு நான் ஏன் சொல்லி கெட்ட பேரு வாங்கணும்? வண்டியே சொல்லிரும்ல?"

அடுத்த மாடல்

வத்திராயிருப்பிலிருந்து வங்கியில் ரிடையர் ஆன ஒருவர் வருவார். பஸ்ஸில் வந்து இறங்குவார். கார் வாங்கத்தான் வருகிறார், வெகுகாலமாக வந்துகொண்டிருக்கிறார். பெட்ரோல் வண்டி எடுக்கலாம் என்றால், எல்லாம் எலெக்ட்ரிக் ஆகப்போகிற நேரத்தில் அதை எவனாவது எடுப்பானா என்பார். எலெக்ட்ரிக் எடுக்கலாம் என்றால், புது மாதிரி பேட்டரி வரப்போகிறது, செல்போனில் வீடியோ பார்த்தேன், கொஞ்சம் பொறு என்பார். புது மாடல் வந்தது. அதற்கு அடுத்தது வரட்டும் என்றார். அதுவும் வந்தது. ஒரு காபி குடித்து, இரண்டு வண்டியின் கதவையும் ஒருமுறை திறந்து மூடி, சத்தத்தை ரசித்துவிட்டுப் போவார். அவர் வீட்டம்மா கூடவே வந்து சோபாவில் உட்கார்ந்திருப்பார். மலையடிவாரத்திலிருந்து மூட்டுவலிக்கு மதுரை ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிப் பஸ் பிடித்துப் போகிறவர். ஒவ்வொரு தடவையும் முன்சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, தானாகவே இறங்கிக்கொள்வார்.

போன மாதம் ஒரு மாடலின் விலையைக் குறைத்தார்கள். அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார், முகமெல்லாம் வெற்றி. "பாத்தியாம்மா? போன வருஷமே எடுத்திருந்தா நமக்கு நஷ்டமாயிருக்கும்ல?" என்றார். சோபாவிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்த அந்தம்மா, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு வார வண்டி நாலு பேரு தூக்குற வண்டிதான் போல. அதுக்கு இவிய மாடல் பாக்காம இருந்தாச் சரி."

மாப்பிள்ளை வண்டி

கல்யாண வண்டி பார்க்க இரண்டு குடும்பம் சேர்ந்து வந்தால், ஷோரூமில் எங்களுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். உயர்ந்த மாடலாகப் போகும். அன்றைக்கு வந்தவர்களில் முன்னால் நடந்தவர் மாப்பிள்ளையின் அப்பா, ராஜபாளையத்தில் மரக்கடை வைத்திருக்கிறவர். பின்னால் அவர் மனைவி, சென்னையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. அதற்கும் பின்னால் பெண்ணின் அப்பா. அவர் ஷோரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். கோயிலா என்ன, போட்டுக்கொண்டே வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். கடைசியில் பெண். காயத்ரி. கால்நடை மருத்துவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, வத்திராயிருப்புப் பக்கம் வேலை. தினமும் ஸ்கூட்டரில் புதுப்பட்டி, மலையடிவாரம் என்று மாடு தேடிப் போகிறவர்.

மரக்கடைக்காரர் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். "நாங்க எதுவுமே கேக்கலம்மா. பொண்ணு வீட்ல அவியளா ஆசப்பட்டுச் செய்றாக" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர்கள் ஆசைப்பட்டது பெரிய பெட்ரோல் வண்டி, கறுப்பு நிறம், மேலே திறக்கிற கண்ணாடி, டாப் மாடல் என்று அவரே விவரமாகச் சொன்னார். ஆசைப்பட்டவர் அதை அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மாந்தோப்பை விற்று வாங்குகிறார் என்பது அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது.

காயத்ரி மட்டும் எலெக்ட்ரிக் வண்டியிடம் போனார். கேட்டது எல்லாம் நல்ல கேள்வி. மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும், குண்டும் குழியுமான பாதையில் அடி தட்டுமா, பின்னால் மருந்துப் பெட்டியும் கன்றுக்குட்டிக்கான சாமானும் வைக்க இடம் இருக்கிறதா. "சத்தம் இல்லாட்டி மாடு மிரளாதுக்கா" என்றார். டெஸ்ட் டிரைவ் போனோம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில், மாப்பிள்ளை பின்சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அவருக்கு ஓட்டத் தெரியாதாம்; சென்னையில் ஆட்டோவும் டாக்ஸியுமே போதுமாம். கிருஷ்ணன்கோவில் வரை போய்த் திரும்பும்போது காயத்ரி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். "அப்பாட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார் மாப்பிள்ளை.

அப்பா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். "மண்டப வாசல்ல நிக்கையில நாலு பேரு பாக்கணும். இந்தச் சின்ன வண்டிய நிப்பாட்டிட்டு, பிளக்கு எங்கன்னு தேடிக்கிட்டுத் திரியவா?" வண்டி யார் பெயரில் என்று நான் கேட்டேன். மாப்பிள்ளை பெயரில் என்றார். காயத்ரி மெதுவாக, "ஓட்டப் போறது நான்தான மாமா" என்றார். அதற்கு மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார், அன்பாகத்தான் சிரித்தார்: "கல்யாணத்துக்குப் பொறவு நீ எதுக்கும்மா மாட்டுக்குப் பின்னால ஊர் ஊராப் போகணும்?" காயத்ரி தன் அப்பாவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எழுதுங்கம்மா, பெட்ரோலே எழுதுங்க" என்றார். டாப் மாடல் போன குஷியில் பால்பாண்டி சார் எல்லோருக்கும் பாதாம்பால் சொன்னார். நான் எழுதினேன். எத்தனையோ புக்கிங் எழுதிய கை. அன்றைக்கு மாப்பிள்ளை பெயரை எழுதும்போது மட்டும் பேனாவைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

சில நாள் கழித்து, ஷோரூம் திறந்த கையோடு காயத்ரி வந்தார். அப்பாவும் கூட. இந்தத் தடவை அப்பா செருப்பைக் கழற்றவில்லை. என்ன நடந்தது என்று காயத்ரியே சொன்னார். அன்று வீட்டுக்குப் போனதும் மாப்பிள்ளைக்குப் போன் செய்திருக்கிறார். வண்டி உங்கள் பெயரில் இருக்கட்டும், எங்கள் தோப்பும் போகட்டும், என் வேலை மட்டும் என்னிடம் இருக்கட்டுமா என்று கேட்டாராம். அதற்கும் அதே பதில்தான் வந்ததாம்: அப்பாட்ட கேட்டுச் சொல்றேன். இரண்டு நாள் காத்திருந்திருக்கிறார். பதில் மாப்பிள்ளையிடமிருந்து வரவில்லை. மரக்கடையிலிருந்து, தரகர் மூலமாக வந்தது. வேலையை விட்டுவிட வேண்டும், அதோடு வண்டி மண்டபத்துக்கு வரும்போது மாப்பிள்ளை பெயர் எழுதின ரிப்பன் கட்டியிருக்க வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு காயத்ரி அழுததைப் பார்த்த அப்பாதான், தோப்பு வாங்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மரக்கடைக்குப் போய் நேரில் பேசிவிட்டு வந்ததும் அவரே.

அப்படியானால் கேன்சலா என்று கேட்டபடி புக்கிங் ஃபைலை எடுத்தேன். அதற்குள் 'கேன்சல்' என்ற சொல் காதில் விழுந்து, பால்பாண்டி சார் அறையிலிருந்து ஓடி வந்தார். டாப் மாடல், கறுப்பு நிறம், மாத டார்கெட் எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின. "என்னம்மா கேன்சல்? எதைக் கேன்சல் பண்றீங்க?" என்று பதறினார். காயத்ரி தன் சம்பளச் சான்றிதழை மேசை மேல் வைத்து, எலெக்ட்ரிக் வண்டியைக் காட்டி, நிதானமாகச் சொன்னார்: "மாப்பிள்ளையத்தான் சார் கேன்சல் பண்ணியிருக்கோம். வண்டிய மாத்தி எம் பேர்ல குடுத்தாப் போதும்."

பெட்ரோலில் ஓடுவது இத்தனை, கரண்டில் ஓடுவது இத்தனை என்று மாதா மாதம் மேலே கணக்கு அனுப்புகிறோம். ஆனால் அந்தப் பெண்ணுடையது ஒன்றைத் தவிர, இந்த ரோட்டில் நான் விற்ற வண்டிகள் எல்லாமே ஓடுவது அடுத்தவர்கள் என்ன சொல்வார்கள் என்பதில்தான்.